ஜிஜிபிளாட்2 கோட்டு வரைபடம்: லெஜண்ட் இரண்டாகப் பிரிகிறது, வரிசையும் தப்பாக வருகிறது

கேள்வி

வணக்கம். ஆர் மொழியின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2-இல் கோட்டு வரைபடம் வரைகிறேன். தரவில் மூன்று நெடுவரிசைகள்: ஆண்டு, தொடர், மதிப்பு. 'தொடர்' நெடுவரிசையில் "அளவீடு", "மாதிரி1", "மாதிரி2" என மூன்று பெயர்கள். கோடு வரையும் ஜியோம்_லைன் போட்டு, எந்த நெடுவரிசை எதைத் தீர்மானிக்கும் என்று சொல்லும் ஏஈஎஸ்-க்குள் கலர், லைன்டைப் (கோட்டு வகை) இரண்டுக்கும் 'தொடர்' கொடுத்திருக்கிறேன். முதலில் ஒரே லெஜண்ட்தான் (எந்தக் கோடு எது என்று காட்டும் விளக்கப் பெட்டி) வந்தது. அதன் தலைப்பை மாற்ற, நிறங்களை நாமே ஒதுக்கும் ஸ்கேல்_கலர்_மேனுவலில் நேம் கொடுத்ததும் இரண்டாகிவிட்டது.

இன்னும் மூன்று சிக்கல்கள். லெஜண்டில் பெயர்கள் அகரவரிசையில்தான் நிற்கின்றன. படத்தில் எந்தக் கோடு மேலே முடிகிறதோ அது முதலில் வர வேண்டும். விட்டுவிட்டு வரும் கோடும் புள்ளிக்கோடும் லெஜண்டுக்குள் ஒரே மாதிரி தெரிகின்றன. படத்தின் இடது மேல் மூலையில் லெஜண்டை வைக்க லெஜண்ட்.பொசிஷனுக்கு இரண்டு எண்கள் கொடுத்தால் எச்சரிக்கை வருகிறது.

பதில் 1

தலைப்பும் லேபிள்களும் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் ஜிஜிபிளாட் இரண்டு ஸ்கேல்களையும் (நிறம், கோட்டு வகை ஒதுக்கும் விதிகள்) ஒரே லெஜண்டாகச் சேர்க்கும். நீங்கள் கலரின் பெயரை மட்டும் மாற்றினீர்கள். லைன்டைப்பின் தலைப்பு 'தொடர்' என்றே நிற்கிறது. ஸ்கேலில் இருக்கும் நேமை எடுத்துவிட்டு, தலைப்புகளைக் கொடுக்கும் லேப்ஸ்-க்குள் கலர், லைன்டைப் இரண்டுக்கும் ஒரே தலைப்பைக் கொடுங்கள். லேபிள்ஸ் மாற்றினாலும் இதே விதிதான்: ஸ்கேல்_கலர்_மேனுவல், ஸ்கேல்_லைன்டைப்_மேனுவல் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் மறுபடி பிரிந்துவிடும்.

பதில் 2

வரிசைக்கு: 'தொடர்' வெறும் எழுத்துச்சரமாக இருப்பதால்தான் அகரவரிசை. அதை ஃபேக்டராக்குங்கள், அதாவது நிலைகளுக்கு (வகைப் பெயர்களுக்கு) நிலையான வரிசை உள்ள வகையாக. நீங்கள் கேட்பதற்கென்றே ஃபோர்கேட்ஸ் தொகுப்பில் எஃப்சிடி_ரீஆர்டர்2 இருக்கிறது. அதற்குத் தொடர், ஆண்டு, மதிப்பு என்ற வரிசையில் கொடுத்தால், கடைசி ஆண்டில் மதிப்பு அதிகமுள்ள தொடர் முதல் நிலைக்கு வரும். லெஜண்டும் கோடுகளும் மேலிருந்து கீழ் ஒரே வரிசையில் நிற்கும்.

தரவைத் தொடாமல் செய்ய வேண்டுமென்றால் இரண்டு ஸ்கேல்களிலும் பிரேக்ஸ் (லெஜண்டில் வர வேண்டிய பெயர்களின் வரிசை) கொடுக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். லேபிள்ஸை வெறும் பட்டியலாகக் கொடுத்தால் அது இடவரிசைப்படியே பொருந்தும். பின்னால் யாராவது பிரேக்ஸையோ ஃபேக்டர் நிலைகளையோ மாற்றினால், மாதிரி1-இன் பெயர் மாதிரி2-இன் கோட்டுக்குப் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. படம் அழகாகவே இருக்கும், சொல்வது மட்டும் தவறு. அதனால் வேல்யூஸ், லேபிள்ஸ் இரண்டையும் "மாதிரி1" = "சிவப்பு" என்பதுபோல் பெயரிட்ட வெக்டராகவே கொடுங்கள். கலர் ஸ்கேலின் வேல்யூஸில் பெயர் எழுத்துப்பிழையாக இருந்தால் அந்தக் கோடு சாம்பல் நிறமாகிவிடும். அதாவது பிழை கண்ணில் படும்.

பதில் 3

லெஜண்டில் ஒவ்வொரு கோட்டு மாதிரிக்குமான கட்டத்தின் இயல்பு அகலம் 1.2 வரி, ஏறத்தாழ 6 மிமீ. அதற்குள் நீளமான இடைவெளிக் கோடு இரண்டு சுற்றுகூட முழுதாக விழாது. தீமில் (படத்தின் தோற்ற அமைப்பு) லெஜண்ட்.கீ.விட்த்-ஐ 1.5 செமீ ஆக்கினால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கோட்டின் தடிமனைக் கூட்டினால் இடைவெளிகளும் அதே விகிதத்தில் நீளும் என்பதால் அகலத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். தடிமனுக்கு 3.4.0 பதிப்பிலிருந்து சைஸ் அல்ல, லைன்விட்த்.

இடம்: 3.5.0 முதல் லெஜண்ட்.பொசிஷன் "இன்சைட்" என்று கொடுத்து, எண்களை லெஜண்ட்.பொசிஷன்.இன்சைட்-இல் எழுத வேண்டும். இடது மேல் மூலைக்கு 0.02, 0.98 (0 என்றால் இடது/கீழ், 1 என்றால் வலது/மேல்). இதோடு நின்றால் லெஜண்டின் நடுப்புள்ளி அங்கே போய் உட்கார்ந்து, பாதி வெளியே தள்ளும். லெஜண்ட்.ஜஸ்டிஃபிகேஷன்.இன்சைட்-க்கு 0, 1 கொடுத்தால் அதன் இடது மேல் மூலை அந்தப் புள்ளியில் பொருந்தும்.

தீம்_பிடபிள்யூ போன்ற முழுத் தீம் பயன்படுத்தினால் அதை முதலில் எழுதுங்கள். பிறகு எழுதினால் மேலே செய்த மாற்றங்கள் எல்லாம் அழிந்துவிடும்.

கேட்டவர்

நான்கும் சரியாகிவிட்டன, நன்றி. கோட்டு முனையில் கடைசி மதிப்பைக் காட்ட ஜியோம்_டெக்ஸ்ட் சேர்த்தேன். இப்போது லெஜண்டில் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஆங்கிலச் சின்ன 'ஏ' எழுத்து ஒன்று நிற்கிறது.

பதில் 2

ஜியோம்_டெக்ஸ்ட்டும் அதே கலரை வாங்கிக்கொள்வதால் தன் அடையாளத்தை லெஜண்டில் சேர்க்கிறது. அதற்குள் ஷோ.லெஜண்ட் = ஃபால்ஸ் கொடுங்கள், போய்விடும்.

முனையில் எழுத்து வைக்கிறீர்கள் என்றால், மூன்றே கோடுகளுக்கு லெஜண்டே தேவையில்லை என்பது என் கருத்து. கடைசி ஆண்டு வரிகளை மட்டும் வடிகட்டி ஜியோம்_டெக்ஸ்ட்டுக்குத் தரவாகக் கொடுத்து, மதிப்போடு தொடரின் பெயரையும் எழுதுங்கள், ஹெச்ஜஸ்ட் 0 (எழுத்து புள்ளியின் வலப்பக்கம் தொடங்கும்). கோர்ட்_கார்ட்டீசியனில் கிளிப் "ஆஃப்" ஆக்கி, பிளாட்.மார்ஜினில் வலப்பக்கம் 2 செமீ விடுங்கள், இல்லாவிட்டால் பெயர் பாதியில் வெட்டுப்படும். முனைகள் நெருங்கி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அவற்றை விலக்கிவைக்கும் ஜிஜிரிபெல் தொகுப்பின் ஜியோம்_டெக்ஸ்ட்_ரிபெல் போடுங்கள், டைரக்‌ஷன் "ஒய்" (மேலும் கீழும் மட்டும் நகரும்).