ஓசூரை வளர்த்தது யார்: மாநிலமா, டெல்லியா?

ஓசூர்க்காரன்:
நாட்டுப் பொருளாதாரத்தை நடத்துவது டெல்லிதான், மாநில அரசுகள் சும்மா கூடவே ஓடுகின்றன என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே ஓசூரில் வாட்ச் செய்யும் டைட்டனைப் பாருங்கள். 1984ல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. இன்றும் அதில் தனிப்பெரும் பங்குதாரர் டாடா சன்ஸ் அல்ல, டிட்கோதான். 27 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கிறது. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் நிலமும் ரோடும் கரண்டும் தயாராக இல்லாவிட்டால் 1980ல் லாரி செய்யும் அசோக் லேலண்ட் இங்கே வந்திருக்குமா?

பாலக்கோட்டார்:
டைட்டன் சரி. லேலண்ட் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். 1952 முதல் 90களின் தொடக்கம் வரை சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தும் மத்தியக் கொள்கை இருந்தது. பிலாய் இரும்பு எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே விலை. சுரங்கம் வைத்திருந்த பீகாரும் ஒடிசாவும் தங்கள் அனுகூலத்தை இழந்தன, நாம் அனுபவித்தோம். பெங்களூர் வேறு 40 கிலோமீட்டரில். மாநிலத்தின் சாமர்த்தியம் இதில் எங்கே?

ஓசூர்க்காரன்:
ஒரே விலை எல்லா மாநிலத்துக்கும்தானே சார்? பெங்களூருக்குப் பக்கத்தில் கர்நாடகாவிலேயே ஊர்கள் இல்லையா?

பென்னாகரத்தான்:
இரண்டு பேரும் ஓசூரைத் தாண்டவே மாட்டீர்களா? 2004 வரை எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம். பிரித்தபோது ஓசூரும் அதன் ஃபேக்டரிகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போய்விட்டன, எங்களுக்கு ஒகேனக்கல் அருவி மிச்சம். அதே அரசு, அதே தொழில் கொள்கை. ஆனால் எங்கள் பையன்கள் இன்னமும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதையை எங்கள் தாத்தா காலத்திலிருந்து கேட்கிறோம். ரயில் டெல்லியுடையது, நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநிலம். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஓசூர்க்காரன்:
தம்பி, காசு இல்லாமல் மாநிலம் என்ன செய்யும்? மத்திய வரியைப் பங்கிடும் 15ஆவது நிதிக்குழுவின் 2021-26 கணக்கில், பகிர வேண்டிய மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம்தான். 2011 மக்கள்தொகையில் நாம் கிட்டத்தட்ட 6 சதவீதம். 2017ல் ஜிஎஸ்டி வந்தபின் பெரும்பாலான பொருட்களின் வரியைத் தனியாக ஏற்றி இறக்கவும் வழியில்லை.

பாலக்கோட்டார்:
இரும்பில் பீகார் இழந்ததற்கு இப்போது வரிப் பங்காகக் கொஞ்சம் திரும்பிப் போகிறது. இதற்கு இவ்வளவு புலம்பலா?

மாந்தோப்பு:
மாநிலத்துக்கு அதிகாரம் கொடுத்தால் நாடு வளரும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 2025 ஜூனில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தபோது, வெளிமாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் கலெக்டர் உத்தரவு போட்டார். மாங்கூழ் ஆலைகள் நிறைய இருப்பது அங்கேதான். எல்லையில் இருக்கிற நாங்கள் லாரியை எங்கே திருப்புவது?

ஓசூர்க்காரன்:
ஆந்திர அரசு தன் விவசாயிக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் கொடுத்தது அண்ணே. அந்த மாதிரி அரசைத்தான் நானும் கேட்கிறேன்.

மாந்தோப்பு:
கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கேட்டை ஏன் மூட வேண்டும்? நாடு முழுக்க வியாபாரம் தடையில்லாமல் நடக்கவேண்டும் என்று அரசியல் சட்டம் 301ஆவது பிரிவிலேயே இருக்கிறதே.

ஓசூர்க்காரன்:
304ஐயும் படியுங்கள். பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போட மாநிலத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள்.

பாலக்கோட்டார்:
அதற்குச் சட்டமன்றத்தில் மசோதா வரவேண்டும், அதுவும் குடியரசுத் தலைவரின் முன் அனுமதியோடு. கலெக்டர் உத்தரவு எந்தக் கணக்கில் சேரும்?