மலிவான பெயின்ட்டை மூன்று கோட் அடித்தால் போதுமா?

கேள்வி:
வரவேற்பறைக்கு விலை குறைந்த எமல்ஷனை (நீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) மூன்று கோட் அடித்தால், உயர்ரகத்தை இரண்டு கோட் அடித்ததற்குச் சமம் என்கிறார் வேலைக்கு வருபவர். குழந்தைகள் ஓயாமல் கை வைக்கும் சுவர்கள் இவை. அவர் சொல்வது சரிதானா?

பதில் (பெயின்டர்):
நிறம் சமமாகத் தெரியலாம், நீடித்து உழைப்பதில் சமமாகாது. என் தொழிலே இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சுவரை மறைப்பதில் முக்கியமானது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. அதைச் சுவரோடு பிடித்துவைப்பது அக்ரிலிக் போன்ற பிசின். இரண்டுமே விலை கூடியவை. மலிவான டப்பாவில் இவற்றைக் குறைத்து, கால்சியம் கார்பனேட் போன்ற நிரப்பிகளைக் கூட்டுகிறார்கள். பிசின் போதாத பெயின்ட்டை எத்தனை கோட் அடித்தாலும் பிசின் போதாமலேயே இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும், கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். கைபடும் சுவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

தயாரிப்பாளரின் விவரத்தாளில் கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 40 சதவீதமென்றால், நீர் கலக்காமல் அடித்த 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஈரப்படலம் காய்ந்தபின் 40 மைக்ரான் நிற்கும். 25 என்றால் 25தான்.

கேட்டவர்:
நன்றி. ஒரு மூலையில் ஈரக்கசிவு உண்டு. நல்ல பெயின்ட் அதைத் தாங்குமா?

பதில் (பெயின்டர்):
தாங்காது. உள்ளே ஈரம் இருந்தால் உயர்ரகமும் கொப்பளித்து உரியும், உப்புப் பூக்கும். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்தபின் உதிர்வதைச் சுரண்டிவிட்டுப் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர்:
நீர் கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் ஊற்றினால் நல்ல பெயின்ட்டும் மலிவானதாகிவிடும்.