பிரிட்டனில் பப்ளிக் ஹெல்த் நர்சிங்: எந்தக் கோர்ஸ், எந்தப் பேப்பர்?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
கோயம்புத்தூர்ல பி.எஸ்சி நர்சிங், தமிழ்நாடு கவுன்சில் பதிவு. இப்ப பாலக்காட்டுல வேலை, அதனால கேரளா கவுன்சில் பதிவும் இருக்குதுங்க. ஏஜென்ட் 'பப்ளிக் ஹெல்த் நர்சிங்' எம்.எஸ்சி எடுக்கச் சொல்றார். சேரலாமா? லோனுக்கு அப்பா பேர்ல சித்தூர் தாலுகாவுல தென்னந்தோப்பு இருக்கு. கோயம்புத்தூர் பேங்க்ல பட்டா, சிட்டா கேக்கறாங்க.

வாளையார் அக்கா:
முதல்ல கோர்ஸோட முழுப் பேரைப் பாரு தங்கச்சி. 'ஸ்பெஷலிஸ்ட் கம்யூனிட்டி பப்ளிக் ஹெல்த் நர்சிங்'னு இருந்தா, அது அங்கேயே என்.எம்.சி.யில, அதாவது பிரிட்டனோட நர்ஸ் கவுன்சில்ல, பதிவான நர்ஸுங்களுக்கு. ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைங்க இருக்கற குடும்பத்தைப் பாத்துக்கற நர்ஸ்), ஸ்கூல் நர்ஸ் ஆகறதுக்கான படிப்பு. பாதி நேரம் களத்துல. பின் நம்பர், அதாவது அந்த என்.எம்.சி. பதிவு எண், இல்லாம இடம் கிடையாது. நீ நேராச் சேரக்கூடியது எம்.பி.எச். (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்). மொத்தம் 180 கிரெடிட். எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஹெல்த் பாலிசி, கடைசியில ஆய்வேடு. அதை முடிச்சா நர்ஸ் பதிவு தானா வரும்னு ஏஜென்ட் சொன்னா எந்திரிச்சு வந்துரு.

பதிவு தனி வழி. சி.பி.டி.ங்கற கம்ப்யூட்டர் தேர்வுல கணக்கு 15 கேள்வி, கிளினிக்கல் 100 கேள்வி. அப்புறம் அங்கே போய் 10 ஸ்டேஷன் ஆஸ்கி, அதாவது செய்முறைத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் தேர்வுல எம்.பி.எச்.சுக்குப் பெரும்பாலும் 6.5 போதும். என்.எம்.சி.க்கு 7, ரைட்டிங் மட்டும் 6.5. ரெண்டு தடவை பீஸ் கட்டாம ஒரேயடியா 7-க்குப் படி.

வேலந்தாவளம்:
ரெண்டு கவுன்சில் பதிவையும் மறைக்காமக் காட்டுங்க. சென்னை, திருவனந்தபுரம் ரெண்டுக்கும் தனித்தனியா வெரிஃபிகேஷனுக்கு எழுதணும். ஒண்ணு வந்து ஒண்ணு வரலைன்னா ஃபைல் அப்படியே நிக்கும்.

நம்ம பக்கத்துல நிறையப் பேர் மாட்டறது இனிஷியல்ல. கேரளா ஸ்கூல் சர்டிஃபிகேட்ல வீட்டுப் பேரும் இனிஷியலா நிக்கும். தமிழ்நாட்டு டிகிரியில அப்பா பேர் மட்டும். பாஸ்போர்ட்ல அது சர்நேமா விரிஞ்சிருக்கும். மூணும் ஒரே ஆள்தான்னு வில்லேஜ் ஆபீஸ்ல 'ஒன் அண்ட் சேம்' சர்டிஃபிகேட் முதல்லயே வாங்கி வெச்சுக்குங்க. நோர்க்கா (கேரளாவோட வெளிநாடுவாழ் மக்கள் துறை) அட்டெஸ்டேஷன் வளைகுடா போறவங்க கதை; பிரிட்டன் யுனிவர்சிட்டி வழக்கமாக் கேக்காது.

கணக்குப்பிள்ளை:
கேரளா மண்ணுக்குப் பட்டா-சிட்டா தேடிப் பிரயோஜனமில்லைங்க. இங்கே வேண்டியது ஆதாரம் (கிரயப் பத்திரம்), முன் ஆதாரங்கள் (தாய்ப்பத்திரங்கள்), நடப்பு வருஷ கரம் (நிலவரி) ரசீது, கைவசச் சான்று (அனுபோகச் சான்று), லொக்கேஷன் ஸ்கெட்ச், வில்லங்கச் சான்று. ஆதாரமெல்லாம் மலையாளத்துல இருக்கும். கோயம்புத்தூர் கிளையோட வக்கீல் அதைப் படிக்கத் திணறுவார். சித்தூர்லயோ பாலக்காட்டுலயோ உள்ள கிளையில போடுங்க.

அதுக்கு முன்னால வில்லேஜ் ரெக்கார்டுல தோப்பு எப்படிப் பதிஞ்சிருக்குன்னு பாருங்க. நமக்கு நிலம்னா எல்லா நிலமும்தான். அவங்க ரெக்கார்டுல 'நிலம்'னா நெல்வயல், வீடு கட்டற மண்ணு 'புரயிடம்'. தென்னை நின்னாலும் ரெக்கார்டுல நிலம்னு இருந்தா கேரளாவோட 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வரும். மதிப்பு இறங்கும், சில கிளை தொடவே தொடாது. அந்தப் பதிவை மாத்தற தரம்மாற்றத்துக்கு மாசக்கணக்குல ஆகும், அதனால அட்மிஷன் லெட்டருக்குக் காத்திருக்க வேண்டாம்.

விசாவுக்கு, லண்டனுக்கு வெளியேன்னா கையில காட்ட வேண்டிய செலவுப் பணம் மாசம் 1,171 பவுண்டு, 9 மாசத்துக்கு 10,539. கட்டாத பீஸ் பாக்கி அதுக்கு மேல. பேங்க் கணக்குல வெக்கறதா இருந்தா 28 நாள் குறையாம நிக்கணும். ஒரு நாள் இறங்கினாலும் ரிஜெக்ட்தான். விசாவோட கட்டற ஹெல்த் சர்சார்ஜ் (அங்கத்திய அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) வருஷம் 776 பவுண்டு. 12 மாசக் கோர்ஸுக்கு 16-17 மாச விசா வர்றதால ஒன்றரை வருஷத்துக்கு 1,164 கட்டணும். ஏஜென்ட் பட்டியல்ல இது பெரும்பாலும் இருக்காது.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரரைக் கூடக் கூட்டிட்டுப் போக முடியுமா?

வாளையார் அக்கா:
முடியாது தங்கச்சி. 2024 ஜனவரியில இருந்து எம்.பி.எச். மாதிரிப் படிப்புக்கு டிபெண்டன்ட் விசா இல்லை. வீட்டுக்காரரும் வரணும்னா பின் நம்பர் வழியாப் போ, நர்ஸ் வேலை விசாவுல கூட்டிக்கலாம். வேலையில சேந்தப்புறம் அந்த ஸ்பெஷலிஸ்ட் கோர்ஸுக்கு நீயே அப்ளை பண்ணலாம்.