எஸ்.ஓ.எம். கட்டடத்துக்குள் உங்களுக்கு நடந்தது என்ன?

மேஸ்திரி மகன்

எஸ்.ஓ.எம். என்றால் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் என்கிற அமெரிக்கக் கட்டட வடிவமைப்புக் கம்பெனி. அது தெரியாதவர்கள் இந்த இழைக்கு வரமாட்டீர்கள், அதனால் நேரே விஷயம். போன அக்டோபர், சிகாகோ. தம்பியோடு வேலை பார்க்கிறவர் ஜான் ஹான்காக் கட்டடத்தில் 50 சொச்சமாவது மாடியில் குடியிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஹாலுக்குள் நுழைந்ததும் ஜன்னலை மறித்துக்கொண்டு நிற்கிறது அது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் முழுக்க எக்ஸ் எக்ஸாக ஓடுமே, அந்தக் குறுக்குச் சட்டத்தில் ஒரு துண்டு. தரையிலிருந்து கூரைக்குச் சாய்வாகப் போகிறது. வீட்டுப் பிள்ளைகள் அதில் டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்கள்.

நான் 22 வருடமாக ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போடுகிறவன். சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று எழுந்து போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன். 100 மாடிக்கும் காற்று கொடுக்கும் தள்ளு இந்தச் சட்டங்கள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. எஸ்.ஓ.எம். என்ஜினியர் ஃபஸ்லூர் கான் சட்டத்தை வெளிச்சுவருக்குக் கொண்டுபோனதால் சதுர அடிக்கு 30 பவுண்டுக்கும் குறைவான எஃகில் வேலை முடிந்தது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் அதுவே 42. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அது சும்மா அழகுக்கு வச்சது அங்கிள், வியூவைக் கெடுக்குது" என்றார்.

விருந்துக்குப் போன இடம். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஏன் ஆமாம் என்றேன்? ஊருக்குத் திரும்பும் விமானம் முழுக்க அதே யோசனைதான்.

கீழக்கரைப் பொண்ணு

ஜெத்தா ஹஜ் டெர்மினல். 2011-ல் வாப்பா, உம்மாவோடு போனோம். பாஸ்போர்ட் பரிசோதனை முடிந்து வெளியே வந்தால் சுவரே இல்லை. தலைக்கு மேல் வெள்ளைக் கூடாரம், அதை ஒட்டி இன்னொன்று, அப்பால் இன்னொன்று, கண்ணுக்கு எட்டும் வரை. மொத்தம் 210 என்று பிறகுதான் படித்தேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் வட்டமாக ஒரு வாய், சூடான காற்று அது வழியாக ஏறிப் போய்விடுகிறது. வெளியே வெயில் தகிக்க, உள்ளே ஜனங்கள் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள்.

வாப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம தெருவுல போடுற கல்யாணப் பந்தல் மாதிரில்ல இருக்கு. யாரு புள்ள போட்டது?" என்று கேட்டார்கள். "தெரியல வாப்பா, சவூதிக்காரங்க போட்டிருப்பாங்க" என்றேன். அதற்குள் எங்கள் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேஸ்திரி மகன் சொல்கிற அதே கான்தான் இதற்கும் என்ஜினியர். டாக்காவில் பிறந்தவர். டெர்மினல் திறந்தது 1981. அடுத்த வருடம் மார்ச்சில் அதே ஜெத்தாவில் மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார், வயது 52. வாப்பாவும் மவுத்தாகி ஆறு வருடமாகிறது. அன்றைக்கே இது எனக்குத் தெரிந்திருந்தால், பஸ் போனால் போகட்டும் என்று அங்கேயே நின்று கானுக்காக வாப்பா ஒரு ஃபாத்திஹா ஓதியிருப்பார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

பரமக்குடி டு பர்துபாய்

நான் உள்ளே போய்ப் பார்த்தவன் இல்லை, உள்ளே வேலை பார்த்தவன். புர்ஜ் கலீஃபா, அப்போது பேர் புர்ஜ் துபாய். 2006, 2007. கம்பெனி பேர் வேண்டாம். கோடையில் பகலில் காங்கிரீட் போட்டால் வெடித்துவிடும் என்று ராத்திரியில்தான் போடுவோம், தண்ணீரோடு ஐஸும் கலந்து. மணி ரெண்டு இருக்கும். அவ்வளவு உயரத்திலும் காற்று வெந்நீர் ஆவி மாதிரி இருக்கும். பம்பில் வந்து விழுகிற காங்கிரீட் மட்டும் ஜில்லென்று இருக்கும். ஒருதடவை கையுறையைக் கழற்றிவிட்டு அதற்கு மேலே கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சூபர்வைசர் கத்தினார். அந்த ராத்திரி அந்தக் குளிர்ச்சி ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

போன வருடம் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே நின்று, "எந்த மாடிப்பா?" என்றான். கண்ணாடி எல்லாம் மூடிய பிறகு எனக்கு அடையாளமே தெரியவில்லை. குத்துமதிப்பாக விரலைக் காட்டினேன்.

நேர்க்கோடு

எல்லாரும் உருகுகிறீர்கள். சரி, நான் மற்ற பக்கத்தைச் சொல்கிறேன். இந்தக் கம்பெனி 1936-ல் ஸ்கிட்மோரும் ஓவிங்ஸும் சிகாகோவில் ஆரம்பித்தது. ஓவிங்ஸின் அக்காதங்கை ஒருவரைத்தான் ஸ்கிட்மோர் கட்டியிருந்தார், அதாவது மச்சான்மார் தொழில். மெரில் 1939-ல் வந்து சேர்ந்தவர். போர்க்காலத்தில் அணுகுண்டு வேலைக்காக ஓக் ரிட்ஜ் என்று ஒரு ரகசிய ஊரையே வரைந்து கொடுத்தார்கள், உச்சத்தில் 75,000 பேர் இருந்த ஊர். அப்புறம் 1952-ல் நியூயார்க்கில் லீவர் ஹவுஸ். திறக்க முடியாத கண்ணாடி, முழுக்க ஏ.சி., வெளிப்புறத்தைத் துடைக்கத் தொங்கும் தொட்டில். முதலாளி சோப்புக் கம்பெனி, பளபளவென்று இருந்தால் அவருக்கு விளம்பரம். உலகம் முழுக்க அதையே காப்பி அடித்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

என் கதை: சென்னையில் ஒரு ஆபீசில் ஜூனியராக இருந்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியின் படத்தை ஒரு கிளையண்ட் கொண்டுவந்து "இது மாதிரி" என்றார். ஓ.எம்.ஆரில், மேற்கு பார்த்த மனை. போட்டுக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்துச் சின்ன வேலையாகப் போனபோது மத்தியானம் மூன்று மணி. மூன்றாம் மாடியில் ஒரு பெண் பழைய காலண்டர் அட்டையை செலோடேப்பால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். முருகன் படம் வெளியே பார்த்த மாதிரி. நான் வரைந்த எலிவேஷனில் இன்றைக்கும் முருகன் நிற்கிறார்.

கல்வெளிச்சம்

@நேர்க்கோடு, உங்கள் மேற்கு வெயிலுக்கு எஸ்.ஓ.எம். ஆர்க்கிடெக்ட் பன்ஷாஃப்ட் என்ன செய்வார்? லீவர் ஹவுஸ் அவர் தலைமையில் வந்ததுதான், ஆனால் அதில் நடாலி டி ப்ளுவா என்கிற பெண்ணின் உழைப்பும் உண்டு, அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை, நீங்களும் சொல்லவில்லை. அதே பன்ஷாஃப்ட்தான் 1963-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பைனெக்கி நூலகத்தை ஜன்னலே இல்லாமல் கட்டினார். அதையும் கண்ணாடிப் பெட்டி என்பீர்களா?

அங்கே ஒரு செமஸ்டர் தினமும் போனேன். சுவரெல்லாம் ஒன்றேகால் அங்குல கனத்துக்கு அறுத்த வெள்ளைப் பளிங்கு. வெளியே நின்று பார்த்தால் செத்த கல். உள்ளே போனால், டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரல் சிவந்து தெரியுமே, அந்த மாதிரி சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் எரியும், நரம்போடு. நடுவில் ஆறு மாடி உயரக் கண்ணாடிக் கூண்டுக்குள் பழைய புத்தகங்கள். நேர் வெயில் அவற்றின் மேல் விழக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஒருநாள் மேகம் வந்தது. எதிர்ச்சுவர் ஒரு மூலையிலிருந்து மெதுவாக அணைந்துகொண்டே வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் புத்தகத்தை மூடாமல், தலையை மட்டும் தூக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் திரும்பி வந்ததும் விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். அவரிடம் ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம்.

நேர்க்கோடு

நூலகம் வேறு, ஆபீஸ் வேறு. பளிங்கு அறுத்து ஒட்டச் சொன்னால் என் கிளையண்ட் என்னை அறுத்திருப்பார்.

ரிட்டையர்டு ஏ.இ.

அனைவருக்கும் வணக்கம். சியர்ஸ் டவர் (இப்போது வில்லிஸ் டவர் என்கிறார்கள், நான் சொல்லமாட்டேன்) 103-ஆம் மாடியில் கண்ணாடிப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டம்மா தயங்காமல் போய் நின்று கையை ஆட்டினாள். 31 வருடம் பாலமும் தொட்டியும் கட்டிய நான் போகவில்லை. பேத்தி வீடியோ எடுத்துவிட்டாள். இது என் அனுபவம்.

இப்போது இளைஞர்களுக்குச் சில யோசனைகள். போகிறவர்கள் மேகம் இல்லாத நாள் பார்த்துக் காலையிலேயே போங்கள். மேலே ஏறுவதற்கு முன் இரண்டு தெரு தள்ளி நின்று கட்டடத்தை ஒருமுறை பாருங்கள். ஒன்பது சதுரக் குழாய்களை ஊதுபத்திக் கட்டு போலச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 75 அடிக்கு 75 அடி. இரண்டு 50-ஆம் மாடியில் நின்றுவிடும், இரண்டு 66-ல், மூன்று 90-ல், மிச்சம் இரண்டுதான் 110 வரை. ஒற்றை ஊதுபத்தி ஒடியும், கட்டு ஒடியாது. வீட்டிலேயே செய்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அடுத்து, ஆர்க்கிடெக்ட் ஆக ஆசைப்படும் பிள்ளைகளை ஸ்ட்ரக்சுரலும் படிக்கச் சொல்லுங்கள். ஆர்க்கிடெக்ட் புரூஸ் கிரகாமும் என்ஜினியர் கானும் ஒரே ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் ஹான்காக்கும் சியர்ஸும் வந்தன. நம் ஊரில் ஆர்க்கிடெக்ட் படத்தை என்ஜினியர் பார்ப்பது பூமிபூஜை அன்றைக்கு. மூன்றாவது, கண்ணாடி முகப்புக்கு மேற்கில் வெளிப்பக்கம் நிழல்தட்டு வைக்க வேண்டும், உள்ளே திரை போட்டுப் பயனில்லை. நேர்க்கோடு தம்பி இதைக் கவனிக்கவும். நான்காவது, சுகர் உள்ளவர்கள் வரிசையில் நிற்கும்போது ஏதாவது சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள்...

நேர்க்கோடு

சார், நிழல்தட்டு படத்தில் இருந்தது. பட்ஜெட்டில் வெட்டினார்கள்.

மேஸ்திரி மகன்

@பரமக்குடி அண்ணே, புர்ஜில் நடுநடுவே கருப்புப் பட்டை மாதிரி தெரியும் பாருங்கள், அவை இயந்திரத் தளங்கள். நீங்கள் வேலை பார்த்தது அதில் எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று நினைவிருந்தால், போட்டோவைப் பெரிதாக்கி எண்ணிவிடலாம். மூன்று இறக்கையில் எந்த இறக்கை என்பதும் தெரிந்தால் நான் படத்தில் குறித்தே அனுப்புகிறேன்.

பரமக்குடி டு பர்துபாய்

நினைவிருக்கிறது தம்பி. ரெண்டாவது பட்டைக்கு மேலே, கடல் பக்கத்து இறக்கை. நேற்று ராத்திரி போனிலேயே பெரிதாக்கி எண்ணி மகனுக்கு அனுப்பிவிட்டேன். "இவ்வளவு கீழயாப்பா?" என்று பதில் போட்டிருக்கிறான்.