மறுமொழி: ‘செருகுமுனை’ என்ற சொல் பற்றி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய இரும்பு அம்புமுனைகள் பற்றிய அகழாய்வு அறிக்கைகளைத் தமிழில் தருவதற்காக நீங்கள் முன்வைத்த ‘செருகுமுனை’ என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் உருட்டிப் பார்த்தேன். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் அது எந்த அம்பைக் குறிக்கும் என்பதில்தான் சிக்கல்.

லித்துவேனியா முதலிய பால்டிக் நாடுகளின் பழைய மண்ணரண்களில் கிடைக்கும் இரும்பு அம்புமுனைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், குத்தும் அலகுக்குக் கீழே மெல்லிய கூர்ங்கம்பி நீண்டிருக்கும். அதை மரத்தண்டின் தலைக்குள் இறக்கிக் கட்டுவார்கள். மற்றொன்றில், இரும்பைத் தகடாக அடித்துச் சுருட்டிய கூம்புக் குழல் இருக்கும். தண்டின் நுனியைச் சீவி அதற்குள் ஏற்றுவார்கள். முன்னதில் இரும்பு மரத்துக்குள் போகிறது, பின்னதில் மரம் இரும்புக்குள் போகிறது. செருகுவது இரண்டிலும் உண்டே! ஆகவே செயலை விட்டுவிட்டு உருவத்தை வைத்துப் பெயரிடுவோம்: முன்னது முளையம்பு, பின்னது குழலம்பு.

கம்பிப் பகுதியை ‘வால்’ என்னலாம் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அம்பின் வால் என்றால் இறகு கட்டிய பின்முனைதான் நினைவுக்கு வரும். முளை என்றால் மாடு கட்ட அடிக்கும் முளை. ஒன்றுக்குள் இறங்கி நிற்பது. ‘முளைத்தல்’ குறுக்கே வராதா என்றால், வரட்டும், அலகிலிருந்து முளைத்தது என்று கொண்டாலும் பொருள் கெடாது.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. லித்துவேனியாவின் அபுவோலே அரணை 9ஆம் நூற்றாண்டில் சுவீடன் அரசன் ஓலோஃப் முற்றுகையிட்டதாகப் பழைய லத்தீன் வரலாறு ஒன்று கூறுகிறது. 1931இல் சுவீடன் ஆய்வாளர் பிர்கர் நெர்மன் அங்கே அகழ்ந்தபோது மண்கரையில் அம்புமுனைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவை உள்ளூர்க் கொல்லன் அடித்தவையா, கடல் கடந்து வந்தவையா என்று ஆராய்வோருக்கு முளையும் குழலும் முதல் தடயங்கள். பல முனைகள் துருக்கட்டிகளாகத்தான் வெளிவரும். எக்ஸ்ரே படத்தில்தான் உள்ளே இருப்பது முளையா, குழலா என்று தெரியும். அப்படிப் பார்த்து எழுதும் அறிக்கையைத் தமிழில் தரும்போது மங்கலான சொல்லைப் போடுவது எனக்கு உறுத்துகிறது.

இந்த மண்ணரண்களுக்கு ‘மலைக்கோட்டை’ என்ற சொல்லையும் கைவிட வேண்டுகிறேன். படிப்பவர் கண்முன் திருச்சிதான் நிற்கும். லித்துவேனியாவில் நெரிஸ் ஆற்றங்கரையில் உள்ள கெர்னாவே என்ற ஊரின் ஐந்து மேடுகளும் பெரும்பாறைகள் அல்ல. மண்ணும் மரமும் கொண்டு காத்த குன்றுகள். லித்துவேனிய மொழியில் ‘பில்யாகல்னிஸ்’, அதாவது கோட்டை, குன்று என்ற இரு சொற்களின் கூட்டு. நமக்கு ‘அரண்மேடு’ போதும்.

கட்டையில் குறுக்காகப் பொருத்தி விசையால் எய்யும் குறுக்குவில்லில் ஏற்றும் குட்டையான, கனத்த அம்புக்கு மட்டும் ‘கணை’ என்பதை ஒதுக்கி வைக்கலாமா? இலக்கியத்தில் அம்பும் கணையும் ஒன்றே என்பதால் எனக்கே தயக்கம் இருக்கிறது. ‘குறுங்கணை’ என்றால் தயக்கம் தீரும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள்.