முகத்தை மட்டும் முடித்த வான் டைக்

செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட, ஓவியர்களின் உருவப்படங்கள் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபிளெமிஷ் ஓவியர் அந்தோணி வான் டைக்கின் தன்னுருவப்படம். 1630 வாக்கில் செய்தது. நேரில் பார்த்தபோது முதலில் திகைத்துப்போனேன். தாளில் மேலே ஒரு தலை, திரும்பி நம்மைப் பார்க்கிறது. கழுத்துக்குக் கீழே மெல்லிய கோடுகள் சில. மற்றதெல்லாம் வெற்றுத் தாள்.

கிட்டே போனால் கன்னம் காணாமல் போய்விடுகிறது, புள்ளிகளும் குட்டிக் குட்டிக் கீறல்களும்தான் மிஞ்சுகின்றன. இரண்டடி பின்னால் வந்தால் மறுபடி சதை. சாம்பல் நிற மை என்று எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே கறுப்பு. கோடுகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். நெற்றியில் பளிச்சென்று தெரிவது மை படாத தாள்தான்! அதைவிட்டு நகரவே மனம் வரவில்லை.

பிற்பாடு யாக்கப் நேஃப்ஸ் என்ற செதுக்குக் கலைஞர் அதே தகட்டில் உளிவேலை சேர்த்து, தலையைப் பீடத்தின் மேல் வைத்த மார்பளவுச் சிலையாக்கினார். வான் டைக்கின் உருவப்படத் தொகுப்புக்கு 1645இல் அதுவே முகப்பானது. வேலைப்பாட்டில் குறையில்லை. ஆனால் சுற்றிலும் கோடுகள் நிறைந்ததும் முகத்தின் துடிப்பு அடங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

கருவியிலும் விஷயம் இருக்கிறது. வான் டைக் மெழுகுப் பூச்சில் ஊசியால் வரைந்து அமிலத்தை அரிக்கவிட்டார். கை தடையில்லாமல் ஓடும். உளியைச் செம்பில் தள்ளிச் செதுக்குவது வேறு வித்தை. அழுத்தினால் பள்ளம் அகலும், மை கூடுதலாகப் பிடிக்கும், கோடு தடிக்கும். டச்சுக் கலைஞர் ஹெண்ட்ரிக் கோல்ட்சியஸ் அதில் மன்னன். ஓவியர் ஹான்ஸ் போலை அவர் 1593இல் செதுக்கியிருக்கிறார்.

அப்புறம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன்னையே வரைந்த அச்சுப்படங்கள். 1639இல் ஆடம்பர உடையும் தொப்பியுமாகச் சாய்ந்து நிற்கிறவர், 1648இல் சாதாரண உடையில் சன்னலோரம் உட்கார்ந்து வரைகிறார். கோட்டின்மேல் கோடாகப் போட்டு அறையை இருட்டாக்கிவிட்டார். முகத்தில் ஒரு பக்கம்தான் வெளிச்சம். அவர் பார்ப்பது நம்மை அல்ல, கண்ணாடியில் தன்னையே என்று தோன்றுகிறது. ஓவியரை வேலை நேரத்தில் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய அச்சுப்படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் இணையத்தளங்களில் பெரிதாக்கிப் பார்க்கலாம். வான் டைக்கைத் தேடும்போது மட்டும் கவனம். நேஃப்ஸ் கைவைத்த அச்சும் கூடவே வரும். உடம்பு இல்லாத முதல் நிலை அச்சை, அதாவது தகட்டில் பிறர் மாற்றம் செய்வதற்கு முன் எடுத்ததைத் திறந்து, கண்ணுக்குக் கீழே உள்ள புள்ளிகளிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.