உயிர் காலேஜ்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

சூளைக்காரன்:

நான் பிறந்தது சென்னையில் சூளை. எங்கள் தெருவில் மிருகக்காட்சி சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், உயிர் காலேஜ்தான். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். உயிர் காலேஜே அந்தச் செத்த காலேஜில் பிறந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். மியூசியப் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள மிருகங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று கண்டு, 1855இல் அந்த வளாகத்திலேயே ஆரம்பித்தார். இடம் போதாமல் பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது.

1978இல் தாத்தா என்னை அங்கே கூட்டிப்போனார். எனக்கு ஏழு வயது. கம்பிக் கூண்டு, சிமென்ட் தரை. புலி சுவரோரம் நாலு எட்டு வைக்கும், திரும்பும், மறுபடி நாலு எட்டு. ரயில் கூவியபோதும் காதை அசைக்கவில்லை. "எங்க தாத்தா போகுது?" என்று கேட்டேன். "எங்கயும் போகலடா" என்றார். அன்றைக்கு வாங்கிய வேர்க்கடலையை நான் தின்னவில்லை.

ஊரப்பாக்கம் அக்கா:

அண்ணா, அந்தக் கூண்டையெல்லாம் விட்டுட்டு 1985 ஜூலையில வண்டலூருக்கு வந்தாங்க. எங்க அப்பா அங்க கன்னு நட்ட கூலியாள். அதுக்கு முன்னாடி அது வெறும் முள்ளுக்காடு, எங்க ஆடு மேய்ஞ்ச இடம்.

கம்பிக்குப் பதிலா அகழி வெட்டி, உள்ளே புல்லும் புதருமா விட்டிருந்தாங்க. நான் முதல்ல போனப்ப அரைமணி நேரம் நின்னும் புலி கண்ணுல படல. காசு கொடுத்தும் ஒண்ணும் தெரியலையேன்னு பக்கத்துல சலிச்சுக்கிட்டாங்க. அப்பாவுக்கு மட்டும் முகமெல்லாம் சந்தோஷம். அது ஒளிஞ்சுக்கிற அளவுக்குப் புதர் வளர்ந்திருக்கே!

2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்து மரங்களை அடியோட சாய்ச்சது. பூங்காவை மூடிட்டாங்க. திறந்தப்புறம் அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். விழுந்த ஒரு மரத்து மேல கையை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார். உள்ளே ஓட்டேரி ஏரி இருக்கு இல்லையா, கூண்டே இல்லாம பறவைங்க தானா வந்து தங்குற ஏரி. எனக்கு அந்த இடமே போதும்.

வால்பாறைப் பையன்:

அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் சென்னையில் படித்தபோது வண்டலூருக்கு அடிக்கடி போவேன், வெள்ளைப் புலிக்காக அல்ல. அது தனி இனமே இல்லை. வங்கப் புலியில் அபூர்வமாக வரும் நிறம். நெருங்கிய உறவுகளையே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கிய வம்சம். அதைக் காப்பதால் காட்டுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. கூட்டமோ அங்கேதான்.

நான் நின்றது சிங்கவால் குரங்குகளின் முன்னால். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்பவை. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில வருடங்கள் ஆகும், அதனால் குறைந்தால் சட்டென்று பெருகாது. வண்டலூரில் இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஒரு நாள் தாயின் வயிற்றைப் பிடித்தபடி பிறந்து சில நாளே ஆன குட்டி. அம்மா "கூ" என்று மெல்லக் குரல் கொடுத்தாள். எங்கள் ஊரில் மரத்து உச்சியிலிருந்து தினம் கேட்ட குரல்! கண் கலங்கிவிட்டது.

ஆனால் அங்கே எத்தனை குட்டி பிறந்தாலும் அவை வாழச் சோலை வேண்டும். எங்கள் பக்கம் தேயிலைக்காக வெட்டியதில் சோலை துண்டு துண்டாகிவிட்டது. ரோட்டில் இறங்கி அடிபடுகின்றன. பழைய தீயணைப்புக் குழாய்களால் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதில் வரிசையாகக் கடக்கும். சூளை ஐயா, பலா பழுக்கும் காலத்தில் எங்கள் வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் வாருங்கள். எங்கே போகின்றன என்று நானே காட்டுகிறேன்.